மலைப்பாதையில் பெரும் பாரம்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் நெடுஞ்சாலை, கித்துல்கலையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. அச்சாலையிலே நாள்தோறும் ஏறி இறங்கும் லொறிகள் சுமந்து செல்லும் பாரங்கள் பலவகைப்பட்டவை. ஒன்றிலே தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வாங்கிய ரோலர்; மற்றொன்றிலே உலர்த்தும் அடுப்புக்கு வேண்டிய யூக்கலிப்டஸ் மரத்துண்டுகள்; பின்னுமொன்றிலே மண்சரிவை அகற்றுவதற்காக ஏற்றிச் செல்லப்படும் பெக்கோ யந்திரம். கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு மலைக்குச் செல்லும் பெண்களும், வெண்ணிற உடையணிந்து பாடசாலைக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரும் அதே சாலையின் ஓரத்திலேதான் நடக்கின்றனர். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். வருவதைக் கண்டு ஒதுங்குவதற்கும் பல இடங்களிலே இடமில்லை. அவர்களுக்கும் லொறியின் மீதுள்ள நான்கு தொன் இரும்புக்கும் இடையே காவலாக நிற்பவை சில சங்கிலிகளும் பட்டிகளும் கட்டைகளுமே.

மலைநாட்டில் பாரம் ஏற்றுவது புதிய தொழிலன்று. கோப்பிக் காலத்து மாட்டுவண்டிகள் இதே கணவாய்களில்தான் ஏறின. 1848 ஆம் ஆண்டிலே நுவரெலியாவில் குடியேற்றமொன்றை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், தம் அனுபவங்களை 1855 இல் நூலாக வெளியிட்டார். அவருடைய குதிரைவண்டி, பொறுப்பற்ற வண்டியோட்டி ஒருவனின் கையிலே அகப்பட்டு, றம்பொடைக் கணவாய்ப் பாதையிலே பள்ளத்தில் உருண்ட கதை அந்நூலில் வருகிறது. உதவிக்கு அனுப்பிய யானையையும் அம்மனிதன் செங்குத்தான ஏற்றத்திலே விரட்டியோட்டிச் சாகடித்தான் என்பது அக்கதையின் பிற்பகுதி. வேடிக்கையாக எழுதப்பட்ட கதைதான். ஆயினும் அந்த யானையை எண்ணுகையில் சிரிப்பு வருவதில்லை.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. அட்டனுக்கு 1884 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும் ரயில் எட்டியது. பெல்பாஸ்ற் நகரிலே செய்யப்பட்ட சிறொக்கோ உலர்த்திகளும், கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் தொழிற்சாலையில் உருவான ஜாக்சன் ரோலர்களும் மலைநாட்டுத் தோட்டங்களிலே இடம்பிடித்தன. எனினும் ரயில் நிலையத்தோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. நிலையத்திலிருந்து தோட்டத்து ஸ்டோர் வரையுள்ள கடைசிச் சில மைல்களே கடினமானவை; அவற்றை ரயிலால் கடக்க இயலாது. 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான மின்நிலையமும், 1965 இல் நிறைவெய்திய காசல்ரீ நீர்த்தேக்கமும் இருப்புப்பாதையை விட்டு விலகிய பள்ளத்தாக்குகளில் அமைந்தவை. பெரும் பாரங்கள் அங்கெல்லாம் வீதி வழியாகவே சென்று சேரவேண்டியிருந்தன. இன்றோ மலைநாட்டுக்குச் செல்லும் சரக்கில் மிகப் பெரும்பகுதி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை லொறியின் மீதே பயணம் செய்கிறது.

பாரமேற்றுவோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கை உண்டு. இலேசான பொருளைத்தான் கட்டவேண்டும். பாரமான பொருள் தன் பாரத்தாலேயே அசையாமல் கிடக்கும் என்பதே அது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இக்கருத்து முற்றிலும் தவறானது. பல விபத்துகளுக்கு வித்தும் அதுவே.

பஸ் வண்டி திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்வதை எல்லோரும் அறிவர். வண்டி நிற்கிறது, உடலோ தன் ஓட்டத்தைத் தொடர முயல்கிறது. இதனையே சடத்துவம் என்று பௌதிக நூல்கள் கூறும். லொறியின் மீதுள்ள யந்திரத்திற்கும் இதே விதிதான். பிரேக் நிறுத்துவது லொறியை, யந்திரத்தை அன்று. யந்திரத்தைத் தடுப்பதற்கு அதன் அடிக்கும் லொறித் தளத்திற்கும் இடையேயுள்ள உராய்வு ஒன்றுதான் இயல்பாக உள்ளது. பாரம் இருமடங்கானால் உராய்வு இருமடங்காகும் என்பது மெய்யே. ஆனால் முன்னே பாயும் முனைப்பும் அதே கணத்தில் இருமடங்காகிவிடுகிறது. ஆகவே, ஒரே வகைத் தளத்தின் மேல் நாற்பது கிலோப் பெட்டி எந்த வேகக்குறைவில் வழுக்கத் தொடங்குமோ, அதே வேகக்குறைவில் நான்கு தொன் யந்திரமும் வழுக்கத் தொடங்கும். வேறுபாடு பின்விளைவிலேதான். வழுக்கிய பெட்டி சாரதியின் அறைச் சுவரிலே மோதி நிற்கும்; வழுக்கிய யந்திரம் அச்சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே புகும்.

அந்த உராய்வுதான் எவ்வளவு? இரும்பின் மீது இரும்பு இருக்குமானால், பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரைதான் கிடைக்கும். இடையே மரப்பலகை இட்டால் பத்தில் மூன்று, நான்கு என்று உயரும். தடித்த ரப்பர் விரிப்பு இட்டால் பத்தில் ஆறு வரையும் எட்டலாம். பழைய ரப்பர் விரிப்பின் விலை யந்திரத்தின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் பெரும்பாலான லொறிகளிலே அது காணப்படுவதில்லை. நுவரெலியாப் பக்கத்திலே மழையும் பனிமூட்டமும் ஆண்டில் பல மாதங்கள் தளத்தை ஈரமாக்கி வைக்கின்றன. பழைய யந்திரத்திலிருந்து சொட்டும் எண்ணெயும் அதனோடு சேருமாயின், உராய்வை நம்புவது வாழைப்பழத் தோலின் மேல் காலூன்றுவது போன்றதாகும்.

சமதரைச் சாலைக்கு உண்டான இந்தக் கணக்கின் மேலே, மலைச்சாலை தன் பங்காக இரண்டைச் சேர்க்கிறது. ஒன்று சரிவு, மற்றது வளைவு. பத்து அடிக்கு ஓரடி இறங்கும் சரிவிலே, பொருளின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அதனை ஓயாது முன்னே இழுத்துக்கொண்டிருக்கும். இரும்பின் மேல் இரும்பு தரும் உராய்வை அச்சரிவு மட்டுமே விழுங்கிவிடக்கூடும். பிரேக்கிற்கு ஈடுகொடுக்க எதுவும் எஞ்சுவதில்லை. ஏற்றத்திலோ இதே இழுப்பு பின்புறமாகத் திரும்புகிறது. எனவே முன்புறம் மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்புறத்தை மறப்பது மலைநாட்டில் பெரும்பிழை.

வளைவின் கணக்கு இன்னும் கவனிக்கத் தக்கது. 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவொன்றை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் லொறி கடக்கிறது எனக் கொள்க. பாரம் வெளிப்புறமாகத் தள்ளப்படும் அளவு அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். வேகத்தை 30 ஆக்கினால் அது எடையில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. 40 ஆக்கினால் எடையில் ஐந்தில் நான்கு பங்கையும் தாண்டும். வேகம் இருமடங்காக, தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. பத்துக் கிலோமீற்றர் வேறுபாடு சாரதிக்கு அற்பமாகத் தோன்றலாம். சங்கிலிக்கு அது அற்பமன்று.

இக்காரணங்களையெல்லாம் எண்ணியே ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளின் விதிகள் ஓர் அளவை வகுத்துள்ளன. பாரத்தைக் கட்டும் ஏற்பாடு, முன்பக்கமாக அப்பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கையும், இரு பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் பாதிப் பங்கையும் தாங்கவேண்டும். பிரித்தானிய வழக்கம் முன்பக்கத்துக்கு முழு எடையையுமே கேட்கிறது. மலைச்சாலைக்குப் பிரித்தானிய அளவே ஏற்றது என்று கொள்வதில் தவறில்லை.

கட்டும் முறை இருவகைப்படும். பொருளின் மேலாகப் பட்டியை இட்டு இருபுறமும் இழுத்து, அதனைத் தளத்தோடு அழுத்துவது ஒன்று. பொருளிலுள்ள உறுதியான இடங்களிலிருந்து தளத்தின் நான்கு மூலைகளுக்கும் சங்கிலியைச் சாய்வாக இழுத்துப் பிணைப்பது மற்றொன்று. முதல் முறை எளிது. ஆகவே அதனையே யாவரும் கைக்கொள்கின்றனர். அதன் வலிமையோ பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 4 தொன் எடையுள்ள ரோலர் ஒன்று மரத்தளத்தின் மேல் இருக்கிறது. முன்பக்கமாகத் தாங்கவேண்டியது, ஐரோப்பிய அளவின்படி, 3.2 தொன். உராய்வு பத்தில் நான்கு எனக் கொண்டால் அது தாங்குவது 1.6 தொன். எஞ்சிய 1.6 தொன்னையும் மேலிருந்து அழுத்தும் பட்டிகளாலேயே பெறவேண்டுமாயின், அப்பட்டிகள் யாவும் சேர்ந்து ரோலரை மேலும் 4 தொன் அளவுக்குக் கீழே அழுத்தவேண்டும். பற்சக்கரமுள்ள ராட்செட் இறுக்கியைக் கையால் இறுக்கும்போது பட்டிக்கு ஏறும் இறுக்கம் சுமார் 300 கிலோ. இரு பக்கமும் சேர 600 கிலோ. அப்படியாயின் ஏழு பட்டிகளாவது வேண்டும். இரண்டு பட்டிகளை இட்டுத் திருப்தியோடு புறப்படும் லொறிகளே சாலையில் அதிகம். பட்டியின் மேல் 5 தொன் என்று பொறித்திருக்கிறதே என்று கேட்பவர் உளர். அது பட்டி அறுபடாமல் தாங்கக்கூடிய எல்லை. பொருளை அழுத்துகின்ற அளவன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவது படித்தவரிடத்தும் காணப்படும் குறை.

பட்டி செல்லும் கோணமும் முக்கியமானது. தளத்திலிருந்து ஏறக்குறைய நேர்க்குத்தாக எழும் பட்டி தன் இறுக்கம் முழுவதையும் அழுத்தமாகத் தரும். 30 பாகைச் சாய்வில் தாழ்ந்து கிடக்கும் பட்டி பாதியையே தரும். தாழ்ந்த பொருளை அகன்ற தளத்தின் ஓரங்களுக்கு இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் இந்நிலையே ஏற்படுகிறது.

இத்தகைய பெரும் பாரங்களுக்கு முட்டுக் கட்டையும் நேர்ப்பிணைப்பும் சேர்ந்த முறையே சிறந்தது. யந்திரத்தின் முன்னும் பின்னும், சிலிப்பர் கட்டை போன்ற உறுதியான மரங்களைத் தளத்தோடு அசையாதபடி பொருத்திவிட்டால், வழுக்கும் விசையின் பெரும்பகுதியை அவை ஏற்கும். அதன்மேல் நான்கு சங்கிலிகள் நான்கு மூலைக்கும் இழுக்கப்பட்டால், எத்திசையில் யந்திரம் நகர முற்பட்டாலும் இரண்டு சங்கிலிகளாவது அதனை எதிர்த்து நிற்கும். சங்கிலியை மாட்டுமிடம் யந்திரத்தின் அடிச்சட்டமாக இருத்தல் வேண்டும். கைப்பிடியிலும் சுழல்தண்டிலும் மாட்டிவைத்து, வழியிலே அவை முறிந்த பின் சங்கிலியைக் குறைகூறுவதிற் பயனில்லை. அதுபோலவே லொறியிலும், படங்கு கட்டுவதற்காகப் பக்கப் பலகையில் வைத்த சிறு கொக்கிகள் யந்திரத்தைக் கட்டுவதற்கு உரியவையல்ல. அடிச்சட்டத்தோடு இணைந்த வளையங்களே அதற்குரியவை.

கயிறு பற்றியும் ஒரு சொல். தென்னங்கயிறும் நைலோன் கயிறும் இழுக்க இழுக்க நீள்பவை. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வரும்போது அவற்றின் இறுக்கம் மாறுபடும். வாழைக்குலைக்கும் மரக்கறி மூட்டைக்கும் அவை போதும், ரோலருக்குப் போதா. பட்டி கூரிய விளிம்பிற் படுமிடத்தில் பழைய டயர்த் துண்டை வைக்கவேண்டும். அறுந்த பட்டியை முடிச்சிட்டுப் பாவிப்பது அறவே விலக்கத்தக்கது. முடிச்சு விழுந்த இடத்திலே அதன் வலிமை பெரிதும் குன்றிவிடுகிறது.

பாரத்தை எவ்விடத்தில் வைப்பது என்பதும் கட்டுவதற்கு முன்னே தீர்க்கப்படவேண்டிய ஒன்று. மிகப் பின்தள்ளி வைத்த பாரம், செங்குத்தான தோட்டத்து வழியில் ஏறும்போது முன்சக்கரங்களின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைத்துவிடும். அப்போது சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் லொறி திரும்புவதில்லை. உலர்த்தி போன்ற உயர்ந்த யந்திரங்களிலோ புவியீர்ப்பு மையம் மேலே இருப்பதால், வளைவிலே வழுக்குவதற்கு முன் அவை சாய்ந்துவிடுகின்றன. அவற்றை இயன்றவரை தாழ்ந்த தளமுடைய வண்டியிலே ஏற்றி, மேற்பகுதியையும் இருபுறமும் இழுத்துப் பிணைக்கவேண்டும்.

மரத்துண்டுகள் தனி ரகம். பட்டை உரித்த யூக்கலிப்டஸ் மரம் மழையில் நனைந்தால் சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். நீளவாக்கில் அடுக்கிய மரங்களுக்கு இருபுறமும் உறுதியான நிலைக்கம்பங்கள் வேண்டும். ஓரத்து மரங்கள் கம்பத்தின் உச்சிக்கு மேலே எழலாகாது. பெக்கோ, டிராக்டர் முதலிய சக்கர யந்திரங்களில், அவற்றின் பிரேக்கை இட்டுவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உளர். சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, மண்வாரும் கையைத் தளத்தில் இறக்கி, அக்கையையும் தனியே சங்கிலியால் பிணைத்தாலன்றி அது பாதுகாப்பாகாது.

சட்டம் இவற்றைப் பற்றி என்ன கூறுகிறது? இலங்கையிலே வீதிப் போக்குவரத்துக்கு அடிப்படையாக உள்ளது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பின்னர் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அதுவே நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு லொறியும் சுமக்கக்கூடிய எடைக்கு எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் ஏற்றினாலும், ஏற்றியது பிறருக்கு ஆபத்து விளைக்காத வகையில் இருக்கவேண்டும். வண்டிக்கு வெளியே நீளும் பொருளுக்குப் பகலிலே சிவப்புத் துணியும் இரவிலே சிவப்பு விளக்கும் அடையாளமாக இடப்படுகின்றன. வழக்கமான அளவுகளை மீறிய பெரும் யந்திரமாயின், உரிய அதிகாரிகளிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றே புறப்படவேண்டும். மலைநாட்டுக் கிளை வீதிகளிலே பழைய சிறு பாலங்கள் பல உண்டு. அவற்றின் முகப்பில் எழுதியுள்ள எடையளவைப் படியாமல் கடப்பவன் தன் லொறியோடு ஓர் ஊரின் வழியையும் ஆற்றில் இறக்கிவிடக்கூடும்.

சட்டம் விளைவைக் கேட்கிறது. முடிச்சுப் போடக் கற்பிப்பது அதன் வேலையன்று. பொலிஸார் நிறுத்திக் கேட்கும்போது பதில் சொல்பவர் சாரதி. விபத்து நேர்ந்தால் முதலில் பழிக்கப்படுபவரும் அவரே. ஆயினும் பாரத்தை ஏற்றச் சொன்னவர் யார், விரைந்து புறப்படும்படி நெருக்கியவர் யார், சங்கிலி வாங்கப் பணம் கேட்டபோது மறுத்தவர் யார் என்பவற்றையும் கேட்பதே நீதி. நாட்கூலிக்கு வந்த சாரதி, உரிமையாளர் தராத சங்கிலியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவர இயலாது. அனுப்புகின்ற வணிக நிலையமும் பெற்றுக்கொள்கின்ற தோட்ட நிர்வாகமும், பாரத்தின் எடையையும் புவியீர்ப்பு மையத்தையும் எழுத்திலே சாரதிக்குக் கொடுப்பது வழக்கமாதல் வேண்டும்.

புறப்படுமுன் இறுக்கிய கட்டு வழியிலே அப்படியே இருப்பதில்லை. குலுக்கலிலே பாரம் சிறிது படிந்து அமர, பட்டி தளர்ந்துவிடும். அமெரிக்க விதிகள் முதல் 50 மைலுக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்கின்றன. அகன்ற நெடுஞ்சாலைகளுக்கு ஏற்ற அந்த அளவு இங்கே பொருந்தாது. கொழும்பிலிருந்து வருபவர் கித்துல்கலையில், ஏற்றம் தொடங்குமுன், ஒருமுறை சோதிக்கவேண்டும். கினிகத்தேனையை அடைந்ததும் மறுமுறை. தோட்டத்து வழியிலே திரும்புமுன் இன்னொரு முறை பார்ப்பதும் மிகையன்று. சங்க காலத்து உப்பு வணிகர் மேடுபள்ளத்தை அஞ்சி, வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றையும் கட்டிச் சென்றனர் எனப் புறநானூற்றால் அறிகிறோம். தேநீருக்காக நிறுத்தும் இடத்திலே ஒரு சுற்றுச் சுற்றிவந்து பட்டியைத் தட்டிப் பார்ப்பது அவ்வளவு சிரமமானதன்று.

இறக்கத்திலே பாரத்தின் முழுச் சக்தியும் பிரேக்கிலே வெப்பமாக மாறுகிறது. 10 தொன் எடையுள்ள லொறி 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 145 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் யந்திரத்தையே தடையாகப் பயன்படுத்தினால் அதன் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும்; பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ராதெல்லச் சரிவிலே, 2023 ஜனவரி 20 ஆம் நாள், மாணவரை ஏற்றிவந்த பஸ் ஒன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி எழுவர் மாண்டனர். அது பாரம் ஏற்றிய லொறியன்று. எனினும் கனமான வண்டி ஒன்று அத்தகைய சரிவிலே கட்டுமீறுவதன் பொருள் என்னவென்பதை மலைநாட்டார் அன்று கண்டனர்.

பயணம் முடிந்து, லொறி ஸ்டோர் வாசலிலே நின்றபின் நேரும் விபத்துகளும் உண்டு. வழியிலே சரிந்த பாரம் பட்டியின் மேல் சாய்ந்து நிற்கும்; பட்டியைத் தளர்த்திய மறுகணம் தளர்த்தியவர் மேலேயே விழும். மரத்துண்டுகளில் இது பெரிதும் நிகழ்வதுண்டு. ஆகவே கட்டவிழ்க்குமுன் லொறியைச் சமதரையில் நிறுத்தி, சுற்றிவந்து பாரம் எப்பக்கம் சாய்ந்துள்ளது எனப் பார்த்து, மறுபக்கத்தில் நின்றே அவிழ்க்கவேண்டும். இரவிலே, பனிமூட்டத்திலே, ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில், தோட்டத்திலிருந்து அழைத்துவரப்பட்ட நால்வர் கீழே நின்று கையால் தாங்கிக்கொள்வது என்னும் ஏற்பாடு உடனே கைவிடத்தக்கது. விடியும்வரை காத்திருந்தால் யந்திரம் கெட்டுவிடாது. பாரத்தின் மேலே ஆட்களை ஏற்றிவரும் வழக்கமும் அவ்வாறே. பிரேக் இட்ட கணத்தில் யந்திரத்திற்கும் சாரதி அறைக்கும் நடுவே அகப்படுபவர் அவர்களே.

ஏற்றத்திலே நிறுத்தும் லொறியின் சக்கரத்துக்குக் கிளீனர் அண்டக் கொடுக்கும் கல்லைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். லொறி புறப்பட்டதும் அக்கல் நடுவீதியிலேயே கிடந்துவிடுகிறது. மூட்டத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு அதனைக் காட்டுவதற்குள் சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். மரத்தாலான ஆப்பு இரண்டைக் கயிற்றில் பிணைத்து லொறியிலேயே தொங்கவிட்டால், லொறி நகரும்போது அவையும் கூடவே போய்விடும்.